பாமினியில் அடித்த வேர்டு கோப்புகளை கூகுள் டாக்ஸுக்குக் கொண்டுபோவது எப்படி?

பாமினி (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய வகை) எழுத்துருவில் அடித்த 340 பழைய வேர்டு கோப்புகள், 2003 முதல் 2012 வரையிலானவை. மதுரையிலும் சென்னையிலும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டியிருப்பதால் டாக்ஸுக்கு மாற்றியாக வேண்டும்.

எழுத்துரு நிறுவிய கணினியில் வேர்டு 2016, லிப்ரேஆபீஸ் இரண்டிலும் சரியாகத் தெரிகிறது. பிரவுசரில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கிறது. டாக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற வழியில்லை.

எழுத்துருவை லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினாலும் அதே குப்பைதான் (உள்ளே இருப்பது எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடே இல்லையே). பிடிஎஃப் ஆக்கினால் திருத்த முடியாது. பாமினியை யூனிகோடாக்கும் ஆன்லைன் மாற்றியில் ஒட்டினால் தமிழ் சரியாகிறது. ஆனால் நடுவே ஏரியல் எழுத்துருவில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடுகின்றன, அட்டவணையும் கலைகிறது.

பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, அட்டவணை கலையாமல், மொத்தமாக யூனிகோடாக்கும் வேர்டு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) யாரிடமாவது இருக்கிறதா?