தாலிக் ஆசிட் முதல்ல 200 தாண்டி உருகுது, அதே ட்யூப் ரெண்டாவது தடவை 130லயே உருகுது, எங்க தப்பு?

பென்னாகரத்துப் பொண்ணு:
வணக்கம்ங்க, தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முதல் வருஷம் படிக்கிறேன். தாலிக் ஆசிட் செய்யறதுக்கு தாலிக் அன்ஹைட்ரைடு (அந்த ஆசிட்லருந்து ஒரு தண்ணி மூலக்கூறு போனது) 5 கிராம் எடுத்து 50 மில்லி தண்ணில கொதிக்க வச்சேன், கட்டியெல்லாம் கரைஞ்சு தெளிவானதும் ஆறவிட்டா வெள்ளையா இறங்குச்சு, வடிகட்டி காயவச்சா 5.1 கிராம். மெல்டிங் பாயிண்ட் 200 தாண்டி வந்துச்சு, சந்தோஷமா ஓடிப்போய் சார கூப்பிட்டேன், அவர் வர்றதுக்குள்ள ட்யூப் ஆறிடுச்சு, அதையே திரும்ப சூடு பண்ணிக் காட்டினா 130லயே உருகிடுச்சுங்க. ரியாக்‌ஷனே நடக்கலைன்னு சொல்லி ரெக்கார்டுல கையெழுத்து போடல. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய் போர் தண்ணிதான் ஊத்துனேன், எங்க பக்கம் அதுல ஃப்ளோரைடு ஜாஸ்தி, அதனாலயா? ரொம்ப கஷ்டமா இருக்கு.

காரிமங்கலம் தம்பி:
தண்ணிதான் காரணம்க்கா. திரும்ப செய்ங்க, பினால் போட்டு பினாப்தலீன் டெஸ்ட் பண்ணி சார்கிட்ட காட்டுங்க.

ஓசூர் லேப் அண்ணன்:
தம்பி, அந்த டெஸ்ட் இங்க உதவாது, கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட் போட்டு சூடு பண்றப்ப ஆசிட்டும் அன்ஹைட்ரைடா மாறிடும், கடைசில காரம் ஊத்தினா ரெண்டுமே பிங்க் கலர்தான் காட்டும்.

பாப்பா, நீ தப்பே பண்ணல. 5 கிராமுக்கு கணக்குப்படி 5.6 கிராம் ஆசிட் வரணும், ஆறின 50 மில்லி தண்ணிலயே 0.3 கிராம் கிட்ட கரைஞ்சு தங்கிடும், அப்ப 5.1 நல்ல ஈல்டு. போர் தண்ணில இருக்கற பைகார்பனேட் துளி ஆசிட்ட உப்பா மாத்தும், அவ்வளவுதான், உருகுற சூட்ட 70 டிகிரி இறக்காது.

நடந்தது ட்யூபுக்குள்ள. தாலிக் ஆசிட்ல ரெண்டு கார்பாக்சில் (COOH) தொகுதியும் ஆர்த்தோல பக்கத்து பக்கத்துல இருக்கு, 200 கிட்ட போறப்ப ஒரு தண்ணி மூலக்கூற விட்டுட்டு அஞ்சு அணு வளையமா மூடிக்கும். நீ ரெண்டாவது தடவை உருக்குனது அந்த அன்ஹைட்ரைடத்தான், அது 131. ட்யூப் மேல்பக்கம் குளிர்ச்சியான இடத்துல ஊசி ஊசியா ஏதாவது படிஞ்சிருந்துச்சா பாரு, அதுவும் அதேதான். டெரிதாலிக் ஆசிட்ல அந்த ரெண்டும் எதிரெதிர் பக்கம் இருக்கறதால இப்படி மூட முடியாது.

ஒவ்வொரு தடவையும் புது கேப்பிலரி ட்யூப் எடு. சூடாக்குற ஹீட்டிங் பாத்த 180 வரைக்கும் ஏத்திட்டு அப்புறம் ட்யூப வை, கீழ இருந்து மெதுவா ஏத்துனா வழியிலயே தண்ணி விட ஆரம்பிச்சு உருகுற ரேஞ்ச் இழுக்கும்.

பென்னாகரத்துப் பொண்ணு:
ஊசி இருந்துச்சுண்ணா! அழுக்குன்னு நெனச்சேன். அப்ப கொதிக்கிற தண்ணிக்குள்ள ஏன் மூடிக்கல?

ஓசூர் லேப் அண்ணன்:
சுத்தி அவ்வளவு தண்ணி இருக்கே, மூடினாலும் உடனே பிரிச்சிடும். கரைஞ்ச அன்ஹைட்ரைடு ரூம் டெம்பரேச்சர்லயே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல பாதி போயிடும், கட்டி கரையறதுதான் லேட்டு. ஆனா எல்லாத்துக்கும் இப்படி இல்ல, 1,8-நாப்தாலிக் அன்ஹைட்ரைட காரத்துல திறந்துட்டு ஆசிட் ஊத்தினா தண்ணிக்குள்ளயே திரும்ப மூடிக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது.

சார்கிட்ட குளிர்ந்த பைகார்பனேட் கரைசல்ல போட்டுக் காட்டு, ஆசிட்னா உடனே பொங்கும், அன்ஹைட்ரைடு மெதுவாத்தான்.

பென்னாகரத்துப் பொண்ணு:
அண்ணா, இன்னைக்கு சார் முன்னாடியே புது ட்யூப்ல வச்சேன், 205ல ஆரம்பிச்சு 208ல முடிஞ்சுது, பைகார்பனேட்ல போட்டதும் பொங்குச்சு. பழைய ட்யூப வாங்கி அந்த ஊசிய ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் கையெழுத்து போட்டுட்டு, அந்த ரெண்டாவது ரீடிங்கையும் ரெக்கார்டுல எழுதச் சொல்லிட்டார்.