லேபர் ஆபீசில் புகார் கொடுத்தால் 60 நாள் கணக்கு நின்றுவிடுமா?

பழைய கிராணி:
வெளிக்காட்டு வேலன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நம் மலேசியாவில் தோட்டத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் ஈப்போவில் லேபர் ஆபீசுக்கு, அதாவது தொழிலாளர் இலாகாவுக்கு, போய் ஒரு புகார் கொடுத்தால் போதுமாம். வேலை திரும்பக் கிடைக்குமாம், மனு கொடுக்க இருக்கும் 60 நாள் கணக்கும் அதோடு நின்றுவிடுமாம். யார் சொன்னது? லேபர் ஆபீஸ் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. சம்பளப் பாக்கி, ஓவர்டைம், நோட்டீசுக்குப் பதிலான பணம், ஆட்குறைப்பு இழப்பீடு, இவைதான் அதன் வேலை. ஒருவரைத் திரும்ப வேலையில் சேர் என்று தோட்டத்துக்கு உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. வேலையைத் திரும்பக் கேட்பது 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. மனு போக வேண்டிய இடம் தொழில் உறவு இலாகா. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் போக வேண்டும். 60 என்றால் 60.

வெளிக்காட்டு வேலன்:
கிராணி ஐயா, உங்களைப் போலத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் இல்லை நான், சட்டமும் படித்தவன் இல்லை. எங்கள் லயத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணனை நீக்கிவிட்டார்கள். காலையில் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், பேர் கூப்பிட்டு முடித்ததும் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கடிதத்தைக் கையில் திணித்தார். மலாயில் ஒரே ஒரு பக்கம், கீழே மேனேஜர் கையெழுத்து, ஊதா மை முத்திரை. கடிதத்தில் இருந்த தேதியோ ஒரு வாரம் பழையது. அவர் மறுவாரமே லேபர் ஆபீசுக்குப் போனார். அதுவும் அரசாங்கம், தொழில் உறவு இலாகாவும் அரசாங்கம். இரண்டும் ஒரே அமைச்சின் கீழ்தான் இருக்கின்றன. ஒரு மேசையில் கொடுத்த புகார் அடுத்த மேசைக்குப் போகாதா? ஏழை கொடுத்த காகிதம் எந்தக் கதவில் விழுந்தால் என்ன?

பழைய கிராணி:
விழுந்த கதவுதான் எல்லாமே. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு ஏன் வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்று கேட்பீர்களா? 60 நாளுக்குள் வராத மனுவைத் தொழில் உறவு இலாகாவின் தலைமை இயக்குநர் ஏற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம் என்று சொல்லவில்லை.

ஈப்போ மகள்:
நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதில் பாதிதான் சட்டம். நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் நோட்டீஸ் காலத்திலேயே மனு கொடுக்கலாம், அந்தக் காலம் முடிந்த பிறகும் 60 நாள் வரை இருக்கிறது. 20-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்தினால், நாள் இருக்கும்போதே அவர் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்.

பழைய கிராணி:
நான் எங்கே கடிதத்தின் தேதி என்று எழுதினேன்? நீக்கப்பட்ட நாள் என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள், மகளே. நோட்டீஸ் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் அன்றைக்கே நீக்கம். பெரும்பாலான தோட்டங்களில் நடப்பது அதுதான். அப்படியானால் 60 நாள் அன்றிலிருந்தே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேரும், தீபாவளியும் சேரும்.

வெளிக்காட்டு வேலன்:
தொழிலியல் நீதிமன்றம் நியாயத்தையும் மனச்சாட்சியையும் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும், சட்டச் சிக்கல்களைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். அதுவும் சட்டத்தில் இருக்கிறதாம். அப்படியிருக்க 60 நாளைக் காட்டி எப்படித் துரத்துவார்கள்?

பழைய கிராணி:
இருக்கிறது, 30-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது நீதிமன்றத்துக்குள் போன பிறகு. நீங்கள் நேராக ஈப்போ தொழிலியல் நீதிமன்றத்தின் படியேறி மனு கொடுக்க முடியாது. முதலில் தொழில் உறவு இலாகா. அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் தலைமை இயக்குநர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 2021-க்கு முன்னால் அமைச்சர் முடிவு செய்துகொண்டிருந்தார், இப்போது அது இல்லை. இத்தனைக்கும் முதல் வாசல் அந்த 60 நாள். வாசலைத் தாண்டாதவனுக்கு உள்ளே இருக்கும் மனச்சாட்சியால் என்ன பயன்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இப்படித்தான் நம் மக்களை இலாகா இலாகாவாக அலைய விடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை போய் நியாயம் கேட்டோம். 1978-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

பழைய கிராணி:
வாத்தியார் ஐயா, 1978-இல் நின்றது குற்றவியல், அரசியலமைப்பு வழக்குகளின் மேல்முறையீடு. சிவில் வழக்குகள் 1984 முடியும் வரை போய்க்கொண்டிருந்தன. பாதியைச் சொல்லிவிட்டு மூடிவிட்டார்கள் என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மூடியது மூடியதுதான். 1978 என்றால் உங்களுக்கு என்ன குறை? பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான்.

பழைய கிராணி:
கற்பித்தவர்தான் ஆண்டைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஈப்போ மகள்:
வாத்தியார் ஐயா, லண்டன் கதவு மூடினால் நியாயமே மூடிவிட்டது என்று எழுதாதீர்கள். எம். இந்திரா காந்தி என்ற நம் ஊர்த் தாயின் வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நடந்தது. தாயைக் கேட்காமலேயே கணவர் குழந்தைகளை இஸ்லாத்துக்கு மாற்றிவிட்டார். குழந்தைகளின் மதமாற்றச் சான்றிதழ்களை 2013-இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஷரியா விவகாரம், சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, அதிகாரம் இருக்கிறது, ரத்து சரிதான் என்றார்கள். எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற ஒரே கேள்விக்காக ஒரு தாய் இத்தனை ஆண்டு நடந்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தீர்ப்பு வந்தது, பிள்ளை வந்ததா? தீர்ப்பு வந்த பிறகும், கணவர் கொண்டுபோன கடைசிக் குழந்தையைத் தேடித் தெருவில் ஊர்வலம் போனாரே அந்தத் தாய்!

பழைய கிராணி:
அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 121(1ஏ) பிரிவுக்கும் குலை வெட்டுகிறவருக்கும் என்ன சம்பந்தம்? 60 நாளுக்கு வாருங்கள். வேலனிடம் நேராகக் கேட்கிறேன், தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாரா இல்லையா?

வெளிக்காட்டு வேலன்:
இவ்வளவு சட்டம் தெரிந்த கிராணி ஐயா, நீங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு தொழிலாளியிடமாவது இந்த 60 நாளைச் சொன்னீர்களா? மழை வந்து ரப்பர் பால் கெட்டால் செக்ரோல் என்ற பேர்ப்பதிவேட்டில் அரைப் பேர் போட்டவர் நீங்கள். என் அம்மா முழு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அரை நாள் சம்பளம் வாங்கினார். இப்போது இங்கே வந்து கணக்குச் சொல்கிறீர்கள்.

பழைய கிராணி:
அரைப் பேர் போட்டது மேனேஜர் துரையின் உத்தரவு. அதை இங்கே எதற்குக் கொண்டுவருகிறீர்கள்? நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஈப்போ மகள்:
ஐயா, அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேலன் அண்ணன், கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படம் பிடித்துப் போடுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். நோட்டீஸ் காலம் கொடுத்திருக்கிறார்களா, பணம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நோட்டீஸ் என்றால் இன்னும் நாள் இருக்கும்.

பழைய கிராணி:
பணம் என்றுதான் இருக்கும், பாருங்கள்.

வெளிக்காட்டு வேலன்:
பார்க்காமலேயே சொல்லும் அளவுக்கு அந்தக் கடிதங்களை நீங்கள்தானே டைப் அடித்தீர்கள்! படத்தை அந்த அண்ணனின் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அனுப்புவான். அதை மகளுக்குத் தனியாக அனுப்புகிறேன், உங்களுக்கு இல்லை.

பழைய கிராணி:
யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் இன்று மாலைக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு போகட்டும். செக்ரோலைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனியாக ஒரு விவாதம் தொடங்குங்கள், பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
1978-தான்.