பக்கிக்குப் பைக் இன்ஜின்: பெட்ரோல் சரியாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. தம்பியும் நானும் கட்டும் பக்கிக்கு (சின்ன, திறந்த நாலு சக்கர வண்டி) 150 சிசி கார்புரேட்டர் பைக் இன்ஜினைப் பொருத்தியிருக்கிறோம். ஐடிலிங்கில் அருமையாக ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இருபது விநாடி இழுக்கும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். நின்ற உடனே கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலின் அடி ஸ்க்ரூவைத் திறந்தேன். நாலைந்து சொட்டுதான் விழுந்தது.

பைக்கில் டேங்க் மேலே இருக்கும், பெட்ரோல் தானாக இறங்கும். எங்கள் டேங்க் சீட்டுக்குப் பின்னால், ஏறக்குறைய கார்புரேட்டர் மட்டத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து ஓட்டியும் அதே கதைதான், அதனால் காற்றுத்துளை அடைப்பு இல்லை.

பழைய கார் ஒன்றின் 12 வோல்ட் பம்பைப் போட்டோம். அது 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தள்ளுகிறது. ஒரு அடி உயரத்திலிருந்து இறங்கும் பெட்ரோலுக்கோ சுமார் 0.3 பிஎஸ்ஐதான். பௌல் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சூடான சைலன்சர் பக்கத்திலேயே ஊற்றிவிட்டது. பயந்துபோய் அன்றே கழற்றிவிட்டேன்.

அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைனும் வைக்கலாமா, இல்லை இன்டேக் வேக்குவத்தில் (இன்ஜின் காற்றை இழுக்கும் உறிஞ்சலில்) ஓடும் சின்ன பம்ப் போதுமா? சிங்கிள் சிலிண்டரில் அதை ஓட்டியவர்கள், வேக்குவம் குழாயை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். டேங்கை ரோல் கேஜ் (ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) மேலே ஏற்ற எனக்கு மனமில்லை. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஓட்டுபவர் மேல்தான் கொட்டும். ஓட்டப்போவது என் தம்பி.