நின்ற படகு நகர்ந்த கதை: லாங்கோலன் கால்வாய் அனுபவம்

பிரிட்டனின் கால்வாய்களில் பயணம் போகிற படகுகள் நின்று போகக் கரையோரம் இடம் ஒதுக்கியிருப்பார்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று பலகையில் போட்டிருக்கும். 48 மணி நேரம் என்பது அடிக்கடி கண்ணில் படும். புதிதாக வருகிறவர்கள் பலகையைக் கவனமாகப் படிக்கிறார்கள், கட்டிய கயிற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓடும் லாங்கோலன் கால்வாயில், எல்ஸ்மியர் என்ற ஊரைத் தாண்டி ஒரு சாயங்காலம் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் நீளமான ஒரு நாரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு), உள்ளே ஆள் இல்லை. பின்னால், படகிலேயே வசிக்கும் வயதான அம்மா ஒருவர். அந்த நேரம் பார்த்து ஒரு படகு விறுவிறுவென்று கடந்து போனது. அங்கே உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். நிற்கிற படகுகளைத் தாண்டும்போது அதையும் நன்றாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் குறுகலான கால்வாயில் ஓடும் படகு தண்ணீரைச் சேர்த்து இழுக்கும். கரையில் கட்டிய படகு முதலில் ஒரு பக்கம் போய், உடனே எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பும். அந்த வெடுக்கில் முன்னால் நின்ற படகின் முளை, அதாவது கயிறு கட்டத் தரையில் அடிக்கும் இரும்புக் கம்பி, புல்தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. படகின் மூக்கு மெதுவாகக் கால்வாய்க்குக் குறுக்கே திரும்பியது.

நான் முன்கயிற்றை எட்டப் பார்த்தேன். அந்த அம்மா, "அது வேண்டாம், நடுக்கயிற்றை எடுங்கள்!" என்று கத்திக்கொண்டே வந்தார். கூரையின் நடுவில் கட்டி, பின்பக்கம் வரை நீட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கயிறு. பத்துப் பதினைந்து டன் படகை மல்லுக்கட்டி இழுக்க முடியாது. அவர் தன் முளையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாக எடை கொடுத்தார். படகு தானாகவே கரைக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் அவர் அதைத் திரும்பக் கட்டிய விதம்தான் எனக்குப் பெரிய பாடம். கரைக்கு நேர்செங்குத்தாகக் கயிறு போட்டால் படகு முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் முளையை அசைக்கும். முன்கயிறு சாய்வாக முன்னோக்கியும், பின்கயிறு பின்னோக்கியும் போக வேண்டும். அதோடு எதிர்த்திசையில் இன்னொரு கயிறு போட்டால் ஆட்டம் அடங்கிவிடும். முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். மண் இளகலாக இருந்தால் இரண்டு முளைகளைக் குறுக்காக அடிக்கலாம். நடந்து போகிறவர்கள் தடுக்கி விழாதபடி முளைத் தலையில் வெள்ளைத் துணியும் கட்டிவிட்டார். படகுக்காரர்கள் இரவில் வந்ததும் எழுந்து போய் எல்லாம் விளக்கினார். யாரோ ஒருவருடைய படகுக்காக இவ்வளவு!

லாங்கோலனில் இன்னொன்றும் உண்டு: அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடும். ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் என்ற அணையில் டீ (Dee) என்ற ஆற்றிலிருந்து பிரிந்து, லாங்கோலன் ஊர் வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை வருகிறது. அதனால் லாங்கோலன் ஊரை நோக்கி நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது முன்கயிற்றையும், திரும்பும்போது பின்கயிற்றையும் முதலில் கட்டினோம். நீரோட்டம் படகைத் திருப்பவே இல்லை.

கரையில் இரும்புத் தகடு அடித்திருந்தால் முளையே தேவையில்லை, தகட்டுக்குப் பின்னால் மாட்டும் கொக்கி போதும். அது எளிதில் கழலாது. வாடகைப் படகு எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே அந்தக் கொக்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.