மார்வெல் ஸ்னாப்: டிஸ்கார்டையும் டெஸ்ட்ராயையும் ஒரே டெக்கில் கலந்தேன், எங்கே தப்பு?

கேள்வி (தாம்பரம்)

வணக்கம். தினமும் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை லோக்கல் ரயிலில் போனில் ஸ்னாப் ஆடுகிறேன் (ஆறு டர்ன், மூன்று லொகேஷன் உள்ள கார்டு விளையாட்டு). சானடோரியத்தில் ஆரம்பித்தால் பல்லாவரம் தாண்டுவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். எல்லாரும் ஆடுகிற டெக்கையே (12 கார்டு கொண்ட கட்டு) ஆடி அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று கட்டிப்பார்க்க ஆசைப்பட்டேன்.

கையிலிருந்து தூக்கிப்போட்டாலும் (டிஸ்கார்ட்) சரி, களத்தில் அழித்தாலும் (டெஸ்ட்ராய்) சரி, வுல்வரின் வேறு ஏதோ ஒரு லொகேஷனில் திரும்ப வந்து நிற்பார். அவரைப் பாலமாக வைத்து இரண்டு வகையையும் சேர்த்தேன். டிஸ்கார்ட் பக்கம் பிளேட், லேடி சிஃப், ஸ்வார்ம், மார்பியஸ், டிராகுலா, அப்போகலிப்ஸ். டெஸ்ட்ராய் பக்கம் டெட்பூல், கார்னேஜ், வெனம், கில்மாங்கர், டெத். மொத்தம் 12.

ஒரே வாரத்தில் ரேங்க் 68லிருந்து 63க்கு இறங்கிவிட்டேன். கையில் நல்ல கார்டுகளாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று உதவுவதே இல்லை. எதை எடுக்கலாம்? இணையத்தில் இருக்கும் டெக்கை அப்படியே காப்பியடிக்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

பதில் (குரோம்பேட்டை)

லேடி சிஃப் இறக்கும்போது கையில் டெத் இருந்ததா?

கேட்டவர்

ஆமாம், நிறைய தடவை. ஒவ்வொரு முறையும் டெத்தான் போனது. நான் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பதில் (பெரம்பூர்)

துரதிர்ஷ்டம் இல்லை தம்பி. கையில் இருப்பதிலேயே விலை (இறக்கத் தேவையான எனர்ஜி) அதிகமான கார்டைத்தான் சிஃப் தூக்கிப்போடும். டெத்தின் ஆரம்ப விலை அப்போகலிப்ஸின் 6ஐ விட அதிகம். நிறைய கார்டுகள் அழிந்த பிறகுதான் குறையும். மூன்றாவது டர்னில் அவ்வளவு அழித்திருக்க மாட்டீர்கள். அதனால், தூக்கிப்போட்டால் பவர் ஏறித் திரும்பக் கைக்கு வரும் அப்போகலிப்ஸ் பக்கத்திலேயே இருந்தும் சிஃப் டெத்தைப் பிடிக்கிறது. ஆட்டத்தின் முடிவில் கையிலிருந்து ஏதோ ஒரு கார்டைத் தூக்கிப்போட்டு அதன் பவரை எடுத்துக்கொள்ளும் டிராகுலாவுக்கும் இதே கதிதான். கடைசியில் கையில் அப்போகலிப்ஸ் மட்டும் இருந்தால்தான் அதன் முழுப் பவரும் நிச்சயமாகக் கிடைக்கும். நடுவில் வெனம் சிக்கிக்கொண்டால் போச்சு.

அப்புறம் கணக்கு. ஆரம்பத்தில் 3 கார்டு, டர்னுக்கு ஒன்று. ஆறாவது டர்னில் 12ல் 9ஐப் பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட ஒரு கார்டு அதற்குள் வர 75 சதவீத வாய்ப்பு. இரண்டும் சேர்ந்து வர 54.5, மூன்றும் வர 38 சதவீதம்தான். மூன்றாவது டர்னுக்குள் சிஃப், அப்போகலிப்ஸ் இரண்டும் கையில் இருக்க 23 சதவீதம்கூட இல்லை. உங்கள் டெக்கில் இப்படி இரண்டு தனித்தனி ஜோடிக் கூட்டம் இருக்கிறது, இரண்டும் பாதிப் பாதி. ஒன்று வரும்போது மற்றது கையை அடைத்துக்கொள்கிறது.

டிஸ்கார்டையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். டெத், வெனம், கில்மாங்கர், டெட்பூல் நான்கும் வெளியே. கொலீன் விங், மோடாக் உள்ளே. விலை குறைந்த கார்டைத் தூக்கிப்போடுவது கொலீன் வேலை, அதில் ஸ்வார்ம் சிக்கினால் விலை 0 உள்ள இரண்டு ஸ்வார்ம் கையில் வரும். நான்காவது டர்னில் டிராகுலாவை இறக்குங்கள், ஐந்தாவதில் மோடாக் கை முழுவதையும் கொட்டும். ஒவ்வொரு கார்டுக்கும் மார்பியஸ் வளரும், அப்போகலிப்ஸ் பவர் ஏறித் திரும்ப வரும். ஆறாவதில் ஸ்வார்ம்களை இறக்கிவிட்டுக் கையில் அப்போகலிப்ஸை மட்டும் விடுங்கள். அந்தக் கடைசி டர்ன் அமைந்துவிட்டால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் யோசனையை முழுசாக விடவும் வேண்டாம். வுல்வரினும் கார்னேஜும் இருக்கட்டும். மீதி இரண்டு இடம் உங்கள் விருப்பம்.

பதில் (மடிப்பாக்கம்)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புது டெக்கை ரேங்க் ஆட்டத்தில் பரிசோதிக்காதீர்கள். கான்க்வெஸ்ட் என்ற தனி ஆட்ட முறையில் ப்ரூவிங் கிரவுண்ட்ஸ் என்ற முதல் நிலை இலவசம், ரேங்க் குறையாது. ஒரே எதிராளியோடு திரும்பத் திரும்ப மோதுவதால், எந்தக் கார்டு கையில் சும்மா கிடக்கிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கார்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது உதவியது என்றே புரியாது.

ரேங்கில் ஆடியே ஆகவேண்டுமென்றால், நான்காவது டர்னுக்குள் டிராகுலாவோ அப்போகலிப்ஸோ வரவில்லை என்றால் ரிட்ரீட் (பாதியில் விலகிவிடுங்கள்). யாரும் ஸ்னாப் செய்யாதவரை (பந்தயத்தை இரட்டிப்பாக்காதவரை) ஒரு கியூப்தான் (ரேங்க் புள்ளி) போகும். பிடிவாதமாகக் கடைசிவரை இருந்து தோற்றால் இரண்டு. இருவரும் ஸ்னாப் செய்திருந்தால் எட்டு.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து)

பெரம்பூர் அண்ணா, மடிப்பாக்கம் நண்பரே, ரொம்ப நன்றி. ப்ரூவிங் கிரவுண்ட்ஸில் மட்டும் 20 ஆட்டம் ஆடி நோட்டில் எழுதிவைத்தேன். 12 ஜெயம். கார்னேஜ் ஏழு ஆட்டத்தில் கையிலேயே கிடந்தது, அதை எடுக்கப்போகிறேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் எடுக்கிறேன். வுல்வரினை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். இன்று காலை கிண்டி வரும்போது பிளேட் அவரைத் தூக்கிப்போட, நான் தோற்றுக்கொண்டிருந்த லொகேஷனில் போய் விழுந்து இரண்டு பவர் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்.

கார்னேஜ் இடத்துக்கு என்ன போடலாம்?