லினக்ஸ் பெட்டியில வீடியோ படுத்தின பாடு: உங்கட கதையையும் சொல்லுங்கோ

மல்லாவி ரீச்சர்:

வீட்டு விறாந்தையில பின்னேரங்களில பெடியளுக்குக் கொம்பியூட்டர் சொல்லிக் குடுக்கிறன். ஆறு லப்டொப், எல்லாம் ஆரோ பாவிச்சுப்போட்டுத் தந்தது. விண்டோஸுக்குப் பதிலா எல்லாத்திலயும் இலவச லினக்ஸ்தான்: நாலில லினக்ஸ் மின்ட், ரெண்டில உபுண்டு 22.04. இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு டொங்கிள். அதையும் யன்னல் கம்பியில றப்பர் பாண்டால கட்டினால்தான் சிக்னல் ரெண்டு கோடு காட்டும்.

போன மாசம் திங்கக்கிழமை றீலோட் போட்டனான். செவ்வாய் பின்னேரம் பதினோராம் ஆண்டுப் பிள்ளையளுக்கு விஞ்ஞானப் பாட வீடியோ ஒண்டைப் போட, பாதியில நிண்டு சுத்தத் தொடங்கிற்றுது. பாத்தால் டேட்டா முடிஞ்சுது. தாங்கள் ஒண்டும் இறக்கேல்லை எண்டு எல்லாரும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறாங்கள். பேந்துதான் கண்டன், ரெண்டு உபுண்டுவிலயும் ஒரு அறிவிப்பு: பயர்பொக்ஸ் பிரவுசருக்குப் புதுப்பிப்பு வந்திருக்கு, மூடித் திற எண்டு.

22.04 வந்ததில இருந்து உபுண்டு பயர்பொக்ஸை ஸ்நாப் பொதியா (மென்பொருளைக் கட்டித் தாற ஒரு முறை) தான் தருது. அது ஒரு நாளைக்கு நாலு தரம் தானாப் போய்ப் புதுசு இருக்கோ எண்டு பாக்கும். இருந்தால் ஆரையும் கேளாமல் இறக்கும். ரெண்டு மெசினும் தனித்தனிய இறக்கியிருக்கு. பெடியளை ஏசினதுக்குப் பேந்து ஆளுக்கொரு ரொபி வாங்கிக் குடுத்தனான்.

இப்ப நெட்வேர்க் அமைப்பில டொங்கிளை ‘மீட்டர்ட்’ (அளந்து பாவிக்கிற இணைப்பு) எண்டு அடையாளம் பண்ணிப்போட்டு, அந்த இணைப்பில தானாப் புதுப்பிக்காதை எண்டு சொல்ல டேர்மினலில ‘சூடோ ஸ்நாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.மீட்டர்ட்=ஹோல்ட்’ எண்டு குடுத்திருக்கிறன். கொஞ்சம் அடங்கியிருக்கு.

என்ர கேள்வி வேற. பயர்பொக்ஸின்ர பிளகின் பக்கத்தில ‘ஓப்பன்ஹெச்264’, ‘வைட்வைன்’ எண்டு ரெண்டு கிடக்கு. உதுகளை நிப்பாட்டினால் டேட்டா மிஞ்சுமோ, வீடியோ நிண்டுபோமோ? அடிபட்ட ஆக்கள் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ.

மாங்குளச் சந்தி:

ரீச்சர், நீங்கள் ரெண்டுக்கே அலுக்கிறியள். அப்ப பிரவுசரில வீடியோ ஓட்டின அடோபியின்ர ஃபிளாஷோட மாரடிச்ச காலத்தைக் கேளுங்கோ.

2012இல நாலு மெசினோட ஒரு கொமினிகேசன் கடை போட்டிருந்தனான். விண்டோஸ் வாங்கக் காசில்லை, அதால உபுண்டு. ஒரு நாள் ஒரு அம்மா வந்தவ. கனடாவில மகளுக்குக் கலியாணம், யூரியூப்பில ஏத்தியிருக்கினம், போட்டுக் காட்டு தம்பி எண்டவ. போட்டன். பொம்பிளை நீலம், மாப்பிளை நீலம், ஐயர் நீலம், ஓமகுண்டத்து நெருப்பும் நீலம். அம்மா கன நேரம் உத்துப் பாத்துப்போட்டு, “அங்க குளிர் எண்டு சொன்னவள்தான், இவ்வளவு எண்டு நினைக்கேல்லை” எண்டவ.

விசயம் என்னெண்டால், ஃபிளாஷ் 11.2 என்விடியா கிராபிக்ஸ் கார்ட்டின்ர உதவியோட வீடியோவை ஓட்டேக்க சிவப்பையும் நீலத்தையும் மாத்திப் போட்டுது. வீடியோவுக்கு மேல வலது கிளிக் பண்ணி, அமைப்பில ஹார்ட்வெயர் முடுக்கத்தின்ர சரியடையாளத்தை எடுத்தால் சரி. ஆனால் அந்தச் சின்னப் பெட்டியில மவுஸ் கிளிக் பிடிக்கவே பிடிக்காது. கடைசியாக் கீபோட்டில டாப் கீயால நகர்ந்து, ஸ்பேஸ் பாரை அமத்தித்தான் எடுத்தனான். அம்மாவுக்கு ரெண்டாம் தரம் இலவசம்.

அதே 2012 பெப்ரவரியிலதான் அடோபி கைவிரிச்சது: லினக்ஸ் பயர்பொக்ஸுக்கு 11.2தான் கடைசி, அதுக்கு மேல வேணுமெண்டால் கூகுள் குரோமோட வாறதைப் பாவியுங்கோ எண்டு. விண்டோஸ்காரர் இருபதைத் தாண்டிப் போகவும் நாங்கள் 11.2.202 எண்டே நிண்டம். அதுக்குப் பின்னால இருக்கிற வால் எண் மட்டும் கூடும். அந்த வால்தான் பாதுகாப்புத் திருத்தம். கன பேர் அது தெரியாமல், 11.2 வந்திற்றுதுதானே எண்டு அப்டேட் பண்ணாமல் விட்டவை. 2015 ஜூலையில ஓட்டைக்கு மேல ஓட்டை வெளிக்கிட, பயர்பொக்ஸைச் செய்யிற மொசில்லாவே ஃபிளாஷை மறிச்சு, ‘இது ஆபத்து, இயக்கவோ?’ எண்டு கேக்கத் தொடங்கிச்சுது. கடையில நிக்கிற சனம் ‘ஆபத்து’ எண்டதைப் பாத்திற்று என்னைத்தான் ஒரு மாதிரிப் பாக்கும்.

முள்ளியவளை அக்கா:

எனக்கு உந்த இலக்கக் கணக்கு ஒண்டும் விளங்காது. நான் கண்ட ஒரே வழி: பயர்பொக்ஸ் அமைப்பில தனியுரிமைப் பகுதிக்குப் போய், தானா ஓடுறதுக்கு ‘ஓடியோவையும் வீடியோவையும் மறி’ எண்டு போட்டது. சும்மா விட்டால் சத்தம் உள்ளதை மட்டும்தான் மறிக்கும். சத்தமில்லாமல் ஓடுற விளம்பரம் பாட்டுக்கு ஓடி டேட்டாவைத் தின்னும். செய்தி வாசிக்கிற எனக்கு அதுதான் பெரிய மிச்சம்.

அறிவியல்நகர் பெடியன்:

ரீச்சரின்ர கேள்விக்கு. ஓப்பன்ஹெச்264 சிஸ்கோ குடுக்கிறது. காப்புரிமைக் கட்டணத்தை அவை கட்டுறதால அவையின்ர சேர்வரில இருந்துதான் இறங்கும். 2014 கடைசியில, பயர்பொக்ஸ் 33ஓட வந்தது. அது பிரவுசருக்குள்ள எடுக்கிற வீடியோ கோலுக்கு. யூரியூப் ஓடுறதுக்கும் அதுக்கும் தொடர்பில்லை. மின்டில ஹெச்.264 எண்ட வகையில சுருக்கின வீடியோ, சிஸ்டத்தில இருக்கிற எஃப்எஃப்எம்பெக் எண்ட கோடெக்கால (சுருக்கின வீடியோவை விரிக்கிற மென்பொருள்) ஓடுது. வைட்வைன் கூகுளின்ர, களவாப் பதியேலாமல் பூட்டுப் போட்ட படங்களுக்கு. லினக்ஸில நீங்கள் ‘ஓம்’ எண்டு அனுமதிச்சால்தான் அது இறங்கும். ரெண்டுக்கும் உள்ளுக்க போய்த் ‘தானாப் புதுப்பி’ எண்டதை நிப்பாட்டலாம், ஆனால் மிஞ்சிறது சில்லறை. உங்கட டேட்டாவைத் தின்னுறது ஸ்நாப்தான்.

என்ர மடைத்தனத்தையும் சொல்லிவிடுறன். ஏ.எல். படிக்கேக்க ஒரு பௌதிகவியல் சீடி வைச்சிருந்தனான், முழுக்க ஃபிளாஷ். 2020 டிசம்பர் 31ஓட அடோபி நிப்பாட்டி, 2021 ஜனவரி 12இல இருந்து ஃபிளாஷ் தானாவே ஓட மறுத்தது. நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சு லப்டொப்பின்ர திகதியை டிசம்பருக்குத் தள்ளினன். சீடியில இருந்த ஊசல் ஆடிச்சுது! மாசி மாசமும் அப்பிடியே விட்டன். பேந்து ஒவ்வொரு தளமாச் சான்றிதழ் பிழை காட்டத் தொடங்கிற்று. திகதி பின்னுக்கு நிண்டால் புதுச் சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதது மாதிரித்தானே. டொங்கிள் பழுது எண்டு சொல்லி அப்பாவைக் கொண்டு புது டொங்கிள் வாங்குவிச்சதுதான் பாவம். இப்ப அந்தச் சீடியை, ஃபிளாஷ் இல்லாமலே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டுற ரஃபிள் எண்ட பிரவுசர் நீட்சியில பாக்கிறன். பழைய பாடங்கள் பிசகில்லாமல் ஓடுது. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

வவுனியா திருத்துறவர்:

தம்பி, ஸ்நாப்பில மட்டும் பழியைப் போடாதை. பழைய கோர் 2 டுவோ மெசின் எண்டால் வேற ஒரு கொள்ளையும் இருக்கு. யூரியூப் அதுக்கு வீடியோவை வி.பி.9 எண்ட வகையில சுருக்கி அனுப்பும். அதை விரிக்கிறதுக்குப் பழைய கார்ட்டில வசதி இல்லை, முழுப் பாரமும் சி.பி.யு.வில. காத்தாடி நெல்லுக் குத்துற மில் மாதிரிக் கத்தும், படம் தத்தித் தத்திப் போகும். ‘எச்264ஐஃபை’ எண்ட நீட்சியைப் போட்டால் ஹெச்.264 வரும், மெசின் குளிரும்.

ஆனால் ஒண்டு, அதே தெளிவுக்கு ஹெச்.264 கூட டேட்டா தின்னும். ஆகவே ரீச்சர், நீட்சியைப் போட்டுத் தெளிவை 360இல வைச்சுப் பாருங்கோ. பாடத்துக்கு அது காணும். கரும்பலகை எழுத்து வாசிக்கேலாட்டில் மட்டும் 480.

மற்றது, நாலு மின்டுக்கும் நாலு தரம் இறக்காதேங்கோ. நாலும் ஒரே பதிப்பு எண்டால், ஒண்டில அப்டேட் பண்ணிப்போட்டு வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் எண்ட கோப்புறைக்குள்ள கிடக்கிற டெப் எண்ட பொதிக் கோப்புகளைப் பென் ட்ரைவில கொண்டுபோய் மற்றதுகளில அதே இடத்தில போடுங்கோ. பேந்து அப்டேட் குடுத்தால் பட்டியல் மட்டும்தான் இறங்கும். மின்டில பயர்பொக்ஸ் டெப்பாத்தான் வருது, அதுவும் உதுக்குள்ள அடங்கும்.

மல்லாவி ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பென் ட்ரைவ் வழி வேலை செய்யுது, நாலு மின்டும் முடிஞ்சுது. காத்தாடியும் அடங்கிற்று.

உபுண்டு ரெண்டுக்கும் மீட்டர்ட் பூட்டைக் கழட்டிப்போட்டு, ஸ்நாப்பின்ர நேரத்தை விடியப்புறம் ஒரு மணியில இருந்து அஞ்சு மணிக்குள்ள எண்டு மாத்தினனான். என்ர பக்கேஜில இரவு டேட்டா தனிய, அது ஒவ்வொரு மாசமும் பாவிக்காமலே காலாவதியாப் போறது. நேற்றிரவு பயர்பொக்ஸை மூடி, மெசின் தூங்காத மாதிரி அமைச்சு, சார்ஜரையும் குத்திப்போட்டுப் படுத்தன்.

காலமை ஒரு மெசினில புதுப் பதிப்பு. மற்றது உயிரில்லாமல் கிடந்தது. மகன் இரவோட இரவா அதின்ர சார்ஜர் பிளக்கைக் கழட்டிப்போட்டுத் தன்ர போனைக் குத்தியிருக்கிறான்.