பிராம்ப்ட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கயல் (திண்டுக்கல்), திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) அரை மணி நேரம் என் தலையில் விழுந்திருக்கிறது. பாடக்குறிப்பு எழுத செயற்கை நுண்ணறிவு உதவியாளரை எப்படிப் பயன்படுத்துவது என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். நான்கு பக்கக் கையேடு எழுதிவிட்டேன். வெள்ளி மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனிடம் நாம் எழுதிக் கொடுக்கிறோமே பிராம்ப்ட், அதற்கு என்ன எழுத? 27 இடத்தில் வருகிறது.

எதைச் சொல்கிறேன் என்று புரிய ஒரு எடுத்துக்காட்டு. "நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் பாடக்குறிப்பு தா" என்று மொட்டையாகக் கேட்டேன், பீட்சாவை எட்டாக வெட்டு என்று ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஏது பீட்சா. அப்புறம் இப்படி எழுதினேன்: "22 பிள்ளைகள், 40 நிமிடம், புரொஜெக்டர் கிடையாது, பழைய நாளிதழும் புளியங்கொட்டையும் உண்டு. கற்றல் நிலையில் 6 பேர் அரும்பு (தொடக்கம்), 9 பேர் மொட்டு (நடு), 7 பேர் மலர் (மேல்). ஒரு குழந்தைக்குப் பார்வை மிகக் குறைவு, அவளும் மற்றவர்களோடு சேர்ந்தே செய்ய வேண்டும்." நாளிதழை மடித்து, மடிப்பை விரலால் தடவி, பாதி, கால், அரைக்கால் என்று எண்ணும் செயல்பாடு வந்தது. அதிலும் இரண்டு இடத்தில் "படத்தைப் பார்" என்று இருந்தது, நான்தான் எடுத்தேன். இந்த இரண்டாவது வகைக்கு, பார்த்துப் பார்த்து எழுதுவதற்கு, ஒரு பெயர் வேண்டும். "கேள்வி" என்று போட்டால் எல்லோரும் முதல் வகையோடு நின்றுவிடுவார்கள்.

நிரலன் (சென்னை), திங்கள் இரவு

தூண்டல். ஏற்கெனவே நிறையப் பேர் எழுதுகிறார்கள். இழையை மூடிவிடலாமா?

சீர்காழியான், செவ்வாய் காலை

மூட வேண்டாம் தம்பி. தூண்டல் என்றால் பள்ளி ஆசிரியர் காதில் முதலில் விழுவது மின்காந்தத் தூண்டல். கல்வியியல் படித்தவர்களுக்குத் தூண்டல், துலங்கல். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுவது. கயல் டீச்சர் எழுதிய அந்த நீளமான குறிப்பையும் மணிச் சத்தத்தையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா? தூண்டு என்பதன் உயிரே வேறு. திரியை மேலே தள்ளிவிட்டுச் சுடரைக் கூட்டுவதுதான் தூண்டுதல். தள்ளிவிட அவசியமில்லாதது தூண்டாமணி விளக்கு. விளக்கில் எண்ணெயும் திரியும் ஏற்கெனவே இருக்க வேண்டும், தூண்டுகிறவன் எதையும் புதிதாகக் கொடுப்பதில்லை. டீச்சரோ 22 பிள்ளைகளின் கதையையே கொடுத்திருக்கிறார்.

நன்னூலைத் திறந்தால் வேலை முடிந்தது. வினா ஆறு: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். "வீட்டில் தக்காளி இல்லை, நீ கடைக்குச் செல்கிறாயா?" என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறார்களே, அதுதான் ஏவல் வினா. வடிவத்தில் கேள்வி, உள்ளே வேலை. பிராம்ப்ட் அச்சாக அதுதான். ஏவல் என்றே எழுதுங்கள்.

நிரலன், செவ்வாய் காலை

ஐயா, "ஏவல் எழுதுவது எப்படி" என்று கையேட்டில் தலைப்புப் போட்டால் அடுத்த பக்கத்தில் பில்லியும் சூனியமும் வருமா என்று கேட்பார்கள். எலுமிச்சம்பழம் தனியாக வாங்க வேண்டும்.

கோப்பாய்க்காரன், செவ்வாய் பின்னேரம்

தங்கச்சி கயல், எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பணிப்புரை என்ற சொல் புழக்கத்தில் உண்டு. மேலிடத்தில் இருந்து வருகிற அறிவுறுத்தலுக்குச் சொல்லுகிறது. இதுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறன்.

தமிழ்ச் சொல்தான் வேணும் என்று கதைக்கத் தொடங்கினபடியால் ஒன்று சொல்லவேணும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். அவர் வைத்திருந்த ஒழுங்கு, முதலில் தமிழ்ச் சொல், இல்லாவிடில் வடசொல், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில். நாங்கள் முதற்படியிலேயே நின்று சண்டை பிடிக்கிறோம், அவருக்கு அடுத்த நாள் வகுப்பு இருந்தது.

சீர்காழியான், செவ்வாய் இரவு

கோப்பாயாருக்கு வணக்கம். மூன்றாம் படிக்குப் போவதென்றால் போங்கள், ஆனால் "பிராம்ப்ட்" என்று எழுதிப் பாருங்கள். ம், ப், ட் என்று மூன்று மெய் முட்டிக்கொண்டு நிற்கிறது, கடைசியில் வல்லின மெய். தமிழ் நாக்கு இதை ஏற்காது.

கயல், செவ்வாய் இரவு

ஐயா, எங்கள் பள்ளி ஆயாம்மா "பஸ் ஸ்டாண்ட்" என்று ஒரு நாளில் பத்து முறை சொல்கிறார், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பிரச்சினை நாக்கு இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் திறந்தே பார்த்ததில்லை. சொல்லைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

பணிப்புரை பிடித்திருந்தது அண்ணா. ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது. ஏற்கெனவே அதில்தான் மூழ்கிக் கிடக்கிறோம்.

கிள்ளான்வாசி, புதன் காலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கையேட்டில் பாடக்குறிப்பு என்று இருக்கிறதே, இங்கே மலேசியாவில் அதை நாள் பாடத்திட்டம் என்போம். தமிழ்நாட்டில் பாடத்திட்டம் என்றால் சிலபஸ் அல்லவா? நான் உதவியாளரிடம் "ஆண்டு 4 கணிதத்துக்கு நாள் பாடத்திட்டம் எழுது" என்று கேட்டால் ஒரு பருவத்துக்கே சிலபஸ் போடுகிறது. நான்காம் வகுப்பு உங்களுக்கு, தரம் 4 கோப்பாயாருக்கு, ஆண்டு 4 எனக்கு. மூன்றையும் ஒரே மாதிரி எழுதாமல் எந்தக் கலைச்சொல்லைச் செய்து என்ன பயன்?

நிரலன், புதன் காலை

நல்ல கேள்வி, வேறு இழை. ஆனால் டீச்சருக்கு ஒரு குறிப்பு: பாடக்குறிப்பு என்று மட்டும் எழுதாமல் "ஒரு பாடவேளைக்கு, 40 நிமிடத்துக்கு" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்த நாட்டுத் தமிழ் என்ற குழப்பம் அதில் பாதி போய்விடும். பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (அரசுப் பதிவில் மாணவருக்குள்ள எண்) எதையும் அதில் போடக்கூடாது என்றும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பார்வைக் குறைவு என்று சொன்னால் போதும், யாருக்கு என்று அதற்குத் தெரிய வேண்டாம்.

சீர்காழியான், புதன் மதியம்

வினாவைப் பேசினோம், விடையை விட்டுவிட்டோமே. நன்னூலில் விடை எட்டு. இந்த இயந்திரம் தரும் பதில்களை அதில் வைத்துப் பார்த்தேன். "ஆடத் தெரியுமா?" என்றால் "பாடத் தெரியும்" என்பது இனமொழி விடை. நேற்று ஐகாரக்குறுக்கத்துக்கு விளையாட்டு ஒன்று கேட்டேன், ஐகாரக்குறுக்கம் பற்றிக் கட்டுரை தந்தது. அசல் இனமொழி. அதைவிட மோசம், வாய்மை பற்றி ஒரு குறள் கேட்டால் ஏழு சீரில் அதுவாக ஒன்று கட்டிக் கொடுத்தது. 1330இல் எங்கும் இல்லை. அந்த வகை விடைக்கு நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் பெயர் கிடையாது. பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

மீதியில் எனக்குப் பிடித்தது வினாவெதிர் வினாதல், கேள்விக்குக் கேள்வியையே விடையாகத் தருவது.

கயல், புதன் இரவு

ஐயா, இது உண்மையிலேயே பயன்பட்டது! "பாடக்குறிப்பு எழுதுவதற்கு முன் என் வகுப்பைப் பற்றி என்னிடம் ஐந்து கேள்வி கேள்" என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டது. என் வகுப்பில் இரண்டு பேருக்கு வீட்டில் தெலுங்கு, எனக்கே அதை எழுதத் தோன்றவில்லை. கையேட்டில் இது மூன்றாம் பக்கம் போகிறது. குறள் கதை நான்காம் பக்கம்: எந்தப் பாட்டு தந்தாலும் புத்தகத்தில் சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுதாதீர்கள்.

சொல் மட்டும் இன்னும் வரவில்லை.

சீர்காழியான், வியாழன் விடிகாலை

தூக்கம் வரவில்லை, சொல் வந்துவிட்டது. தில்லையில் சேக்கிழார் பெரியபுராணம் பாட உட்கார்ந்தபோது "உலகெலாம்" என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்தார். காஞ்சியில் கச்சியப்பருக்கு முருகன் "திகடசக்கரம்" என்று கொடுத்தார். முதற்சொல்லை ஒருவர் கொடுக்க, மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பாடுகிறார். இதுதானே பிராம்ப்ட்? அடியெடுப்பு!

கந்தபுராண அரங்கேற்றக் கதை தெரிந்திருக்கும். திகழ், தசக்கரம் சேர்ந்து திகடசக்கரம் ஆக இலக்கணத்தில் விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்துவிட்டார், மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டிய பிறகுதான் அவை அடங்கியது. கடவுள் எழுதிய பிராம்ப்ட்டுக்கே விதி கேட்ட ஊர் இது, நாம் நான்கு நாள் சண்டை போடுவதில் தப்பே இல்லை.

கோப்பாய்க்காரன், வியாழன் காலை

அழகாய் இருக்குது ஐயா. ஆனால் அங்கே கொடுத்தது கடவுள், பாடினது பக்தர். இங்கே டீச்சர் கொடுக்க மிஷின் பாடுது. அப்ப டீச்சர் கடவுளோ?

நிரலன், வியாழன் காலை

சம்பளத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

விளையாட்டு போகட்டும். ஐயா சொன்ன சொல் தொழில்நுட்பப்படி இருப்பதிலேயே பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மொழி மாதிரிகள் அடிப்படையில் செய்வது, கொடுத்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று ஒவ்வொரு துண்டாகத் தொடர்வதுதான். ஏவினால் கீழ்ப்படிவது என்பது அதன் மேல் பிறகு பழக்கிய குணம். எடுத்த அடியைத் தொடர்வதுதான் உள்ளே நடக்கிறது. தூண்டலைவிட, ஏவலைவிட, அடியெடுப்பு இயந்திரத்துக்கு நெருக்கம்.

ஆனாலும் நான் ஓட்டுப் போட மாட்டேன். "அடியெடுப்பு நூலகம்", "அடியெடுப்புத் திருத்தம்" என்று அடுத்தடுத்த சொற்களைக் கட்டிப் பாருங்கள், மூச்சு வாங்குகிறது. தூண்டலோடு உரையைச் சேர்த்துத் தூண்டுரை என்று வைத்துக்கொள்ளலாம். எழுதித் தருவது என்பதும் வந்துவிடும், மின்காந்தமும் போய்விடும்.

கிள்ளான்வாசி, வியாழன் மதியம்

தூண்டுரைக்கு என் ஓட்டு. பிடித்ததால் இல்லை, பசிக்கிறது.

கோப்பாய்க்காரன், வியாழன் மதியம்

எனக்கும் சரி. பணிப்புரையை மீளப் பெறுகிறேன்.

கயல், வெள்ளி மாலை

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பிராம்ப்ட் என்று எழுதி, அதையே தூண்டுரை என்போம் என்று சொல்லிவிட்டு, மற்ற 26 இடத்திலும் தூண்டுரை. கடைக்காரர் கணினியில் தட்டச்சுத் திருத்தி ஒரு இடத்தைத் தூண்டில் என்று மாற்றிவிட்டது, 30 பிரதி எடுத்த பிறகுதான் பார்த்தேன். பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, ஐயாவுக்குத் தனியாக.

சீர்காழியான், வெள்ளி இரவு

தூண்டுரை வினைத்தொகை, புணர்ச்சியும் சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பான்மை முடிவு பெரும்பான்மையோடு இருக்கட்டும். அடியெடுப்பு என்று நான் ஒருவன் எழுதிக்கொண்டிருப்பேன்.

டீச்சர், கையேட்டைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் "எல்லாக் குழந்தைகளும் அணுகத்தக்க பாடம்" என்று இருக்கிறது. அணுகுவது குழந்தையா, பாடமா? எட்டுதல் என்றொரு வினை இருக்க, அணுகலை யார் கொண்டுவந்தது?

நிரலன், வெள்ளி இரவு

ஐயா, புது இழையில்.